டிஎஸ்-520எஸ் போய் ஐசி-7300 வந்தது: தாம்பரத்து மொட்டைமாடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

தாம்பரத்தில் இருக்கும் மூத்த ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர் ஒருவர் தன் பழைய கென்வுட் டிஎஸ்-520எஸ் ரிக்கை (அனுப்பவும் கேட்கவும் உதவும் வானொலிப் பெட்டி) ஓரமாக வைத்துவிட்டு ஐகாம் ஐசி-7300 வாங்கினார். வாங்கிய கையோடு எனக்குப் போன் வந்தது. "என்னப்பா இது, பழசுல நூறு வாட் போயிட்டிருந்தது. இதுல முப்பதைத் தாண்ட மாட்டேங்குது. கேட்டா ஒரே இரைச்சல். ஏமாந்துட்டேனா?"

ரிக்கில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அவர் சொன்ன இரண்டு புகாரும் உண்மை. ரிக் மாற்றும் யோசனையில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் எந்த மாடல் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். இந்த வீட்டில் மாடல் பற்றிய பேச்சு ஒரு மாலையில் முடிந்துவிட்டது. மற்றவைதான் இழுத்தடித்தன. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

பழைய ரிக்

நண்பர் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் ஹாம் உரிமம் எடுத்தவர். அவருடைய டிஎஸ்-520எஸ் 1970-களின் ஜப்பானியத் தயாரிப்பு. ரிசீவர் முழுக்க டிரான்சிஸ்டர். டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டங்கள் மட்டும் வால்வு. 12பிஒய்7ஏ டிரைவர், அதற்குப் பின்னால் இரண்டு எஸ்2001ஏ ஃபைனல்கள், அதாவது பவரை வெளியே தள்ளும் கடைசி வால்வுகள். இவை 6146பி வால்வுக்கு இணையானவை. எடை 16 கிலோ. பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, 230 வோல்ட் பிளக்கைச் செருகினால் போதும்.

இந்த ரிக்கை ஓட்டுவது ஒரு தனி வித்தை. பேண்டு (அலைவரிசைத் தொகுதி) மாற்றினால் டிரைவ் சரிசெய்ய வேண்டும், பிளேட் குமிழைத் திருப்பி மீட்டர் முள் பள்ளத்தில் விழும் இடத்தைப் பிடிக்க வேண்டும், பிறகு லோட் குமிழைக் கொஞ்சம் திறந்து மறுபடி பிளேட்டுக்கு வர வேண்டும். எல்லாம் சில விநாடிகளுக்குள் முடிய வேண்டும். ட்யூன் ஆகாத நிலையில் அனுப்பும் கீயை அழுத்திக்கொண்டே இருந்தால் வால்வின் பிளேட் சிவக்கத் தொடங்கிவிடும். நண்பருக்கு இது கை பழகிய காரியம். முள்ளைப் பார்க்காமலேயே செய்வார்.

அந்த பிளேட், லோட் குமிழ்களுக்குப் பின்னால் இருப்பது பை-நெட்வொர்க் என்ற சுற்று: இரண்டு மாறும் கெப்பாசிட்டர், நடுவில் ஒரு காயில். வால்வின் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓமை ஆண்டெனாவின் ஐம்பது ஓமுக்கு இறக்குவது அதன் வேலை. ஆண்டெனா சரியாக ஐம்பது ஓம் இல்லாவிட்டாலும், நியாயமான அளவுக்குள் இருந்தால், குமிழைத் திருப்பிச் சமாளித்துக்கொள்ளலாம். அதாவது அந்த ரிக்குக்குள் ஒரு ஆண்டெனா ட்யூனர் ஏற்கெனவே ஒளிந்திருந்தது. நாற்பது வருடமாக யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏன் மாற்றினார்

மூன்று காரணம் சொன்னார். முதலாவது, வால்வு. நல்ல ஃபைனல் ஜோடி கிடைப்பது வருடத்துக்கு வருடம் சிரமமாகிறது. இரண்டாவது, 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள். 1979-ல் நடந்த உலக வானொலி மாநாட்டில்தான் அவை அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்டன; அதற்கு முன்பே வடிவமைக்கப்பட்ட டிஎஸ்-520எஸ்-ல் அந்த பேண்டுகளில் பேச வழியில்லை. மூன்றாவதுதான் உண்மையான காரணம் என்பது என் ஊகம்: எஃப்டி8.

எஃப்டி8 என்பது கணினி வழியாகத் தகவல் பரிமாறும் டிஜிட்டல் முறை. இயற்பியலுக்காக 1993-ல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் உருவாக்கி 2017-ல் வெளிவந்தது. பதினைந்து விநாடிக்கு ஒரு முறை, சிக்னலின் அகலம் வெறும் 50 ஹெர்ட்ஸ், தொனிகளுக்கு இடையே 6.25 ஹெர்ட்ஸ். காதுக்குக் கேட்காத சிக்னலைக் கூடக் கணினி பிரித்து எழுதிவிடும். பழைய ரிக்கில் இதைச் செய்யவே முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. நன்றாகச் சூடான பிறகு அந்த ரிக்கின் விஎஃப்ஓ (அலைவரிசையைத் தீர்மானிக்கும் சுற்று) ஒரு பதினைந்து விநாடிக்குப் பெரிதாக நகராது. சிக்கல் முதல் ஒரு மணி நேரத்தில்தான். நண்பரின் ரிக் அந்த நேரத்தில் சில நூறு ஹெர்ட்ஸ் ஊர்ந்தது. ரிக்கை ஆன் செய்துவிட்டு டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் நிலைக்கு வரும். அதோடு, எஃப்டி8-ல் அனுப்பும் நேரம் முழுக்கத் தொடர்ந்து முழு பவரில் ஓடுவதால் வால்வுகளுக்கு நல்ல அடி.

ஐசி-7300-ஐ எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதில் பெரிய கதை இல்லை. 2016-ல் வந்த மாடல், உலகம் முழுக்கப் பரவலாகப் புழங்குவது, சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கும். ஆண்டெனாவில் வரும் சிக்னலை நேராக எண்களாக மாற்றி, மற்றதையெல்லாம் கணக்குப் போட்டே செய்துகொள்ளும் ரிக். முகப்பில் 4.3 அங்குலத் தொடுதிரை. கணினிக்கு ஒரே ஒரு யுஎஸ்பி ஒயர். எடை 4.2 கிலோ. யேசுவின் எஃப்டி-710-ஐ யாராவது அவருக்கு முதலில் காட்டியிருந்தால் அதை வாங்கியிருப்பார், இந்தக் கட்டுரையில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது.

முப்பது வாட் எங்கே நின்றது

நான் போனபோது முதலில் செய்தது டம்மி லோடை, அதாவது ஆண்டெனாவுக்குப் பதிலாக வைக்கும் மின்தடையை, மாட்டியதுதான். ஐம்பது ஓம் டம்மி லோடில் புது ரிக் நூறு வாட்டைத் தயங்காமல் கொடுத்தது. சரி, ரிக் சுத்தம்.

ஆண்டெனாவை மாட்டி 7.15 மெகாஹெர்ட்ஸில் கீயை அழுத்தினால் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா ஐம்பது ஓமிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) மூன்றைத் தாண்டியது, பவர் முப்பதுக்கு இறங்கியது. ட்யூனர் பொத்தானை அழுத்தினால் உள்ளே ரிலே கடகடவென்று ஓடி, கடைசியில் கைவிட்டுவிட்டது. 7.05-ல் மட்டும் சில சமயம் ஒப்புக்கொண்டது. ஐசி-7300-ன் உள் ட்யூனர் எஸ்டபிள்யூஆர் 3 வரைதான் சமாளிக்கும். அதற்கு மேல் அது முயற்சி செய்து பார்க்கும், அவ்வளவே. டிரான்சிஸ்டர் ஃபைனல்களோ, திரும்பி வரும் பவரைப் பார்த்தால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே அடக்கி வாசிக்கும்.

ஆண்டெனா 7 மெகாஹெர்ட்ஸுக்கான சாதாரண இன்வர்ட்டட் வி: நடுவில் உயர்ந்து, இரு கையும் கீழே சரியும் கம்பி டைபோல். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒரு குழாய்க் கம்பம், அதன் உச்சி தரையிலிருந்து ஒன்பது மீட்டர் இருக்கும். ஒரு கை எதிர்மூலைக் கைப்பிடிச் சுவருக்கு, மறு கை பக்கத்து வீட்டை ஒட்டிய தென்னை மரத்துக்கு. ஆண்டெனாவை அளக்கும் நானோவிஎன்ஏ கருவியை மாட்டிப் பார்த்தபோது ஆண்டெனாவின் இயல்பான அலைவரிசை 6.88 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருந்தது. கட்டும்போது 7.05-க்கு அளந்து கட்டியதாக நண்பர் சத்தியம் செய்தார். பொய் இல்லை. இடையில் பக்கத்து வீட்டுக்காரர் மொட்டைமாடியில் துணி காயப்போடத் தகர ஷீட் கூரை போட்டிருந்தார். தென்னைப் பக்கக் கையின் நுனி, மின்னழுத்தம் அதிகம் இருக்கும் இடம், அந்தத் தகரத்துக்கு ஒரு மீட்டர் மேலே போய்க்கொண்டிருந்தது. நுனிக்கு அருகில் உலோகம் வந்தால் கம்பி மின்ரீதியாக நீண்டுவிடும். அலைவரிசை கீழே இறங்கும். வருடக்கணக்கில் கம்பி கொஞ்சம் இழுபட்டும் இருக்கலாம்.

கூரை போட்டதற்கு அப்புறமும் பழைய ரிக்கில் நண்பர் எதையும் உணரவில்லை. லோட் குமிழ் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளி நின்றது, அவ்வளவுதான். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "பழைய ரிக் உங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது சார், பவரெல்லாம் கேபிளிலேயே வீணாகியிருக்கும்" என்று அவருடைய நெட்டில் (ஹாம்கள் குறித்த நேரத்தில் வானொலியில் கூடிப் பேசுவது) ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறு. அவர் போட்டிருந்தது இருபது மீட்டர் நீள ஆர்ஜி-213 என்ற தடித்த கோஆக்ஸ் கேபிள். ஏழு மெகாஹெர்ட்ஸில், எஸ்டபிள்யூஆர் 3 இருந்தாலும், அந்த நீளத்தில் வீணாவது சொற்பம். எதிர்முனையில் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பழைய ரிக்கில் பவர் நிஜமாகவே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆண்டெனா கெட்டுப்போகவில்லை. ஐம்பது ஓமைத் தவிர வேறு எதையும் பார்க்கப் பிடிக்காத ஒரு ரிக் வந்து சேர்ந்தது, அதுதான் மாற்றம்.

திருத்தம் எளிது. அலைவரிசை 6.88-லிருந்து 7.1-க்கு ஏற வேண்டும் என்றால் நீளம் அதே விகிதத்தில் குறைய வேண்டும். மொத்த நீளம் இருபது மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கணக்குப் போட்டால் ஒவ்வொரு கையிலும் சுமார் 32 செ.மீ. வெட்டவில்லை. நுனியைத் திருப்பி மடித்து, கம்பியோடு ஒட்ட முறுக்கி, முதலில் இருபது செ.மீ. குறைத்து அளந்து, பிறகு மீதியை முடித்தோம். தென்னைப் பக்க நுனியைத் தகரத்திலிருந்து விலக்கி நைலான் கயிறால் உயர்த்திக் கட்டினோம். 7.1-ல் எஸ்டபிள்யூஆர் 1.3, நம் நாட்டில் அனுமதியுள்ள 7.0 முதல் 7.2 வரை முழுக்க இரண்டுக்குள். ரிக் நூறு வாட் கொடுத்தது. நண்பரின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

இரைச்சல்

இரண்டாவது புகாருக்குத்தான் அதிகம் அலைந்தோம். நாற்பது மீட்டரில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டில், காலை பத்து மணிக்கு சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் எட்டில் நின்றது. பழைய ரிக்கிலும் கிட்டத்தட்ட அதே நிலைதான், ஆனால் அதை அவர் 'பேண்டு சரியில்லை' என்றே எடுத்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்கில்.

புது ரிக்கில் திரை இருக்கிறது. அதன் வாட்டர்ஃபாலை (சிக்னல்கள் கீழ்நோக்கி வழியும் படம்) அகலமாக விரித்துப் பார்த்தால், இயற்கையான இரைச்சல் ஒரே சீரான மங்கலாகத் தெரியும். இங்கே தெரிந்தது வேறு: ஏறக்குறைய 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக, ஓரங்கள் நைந்த தடித்த பட்டைகள், சீப்புப் பல் மாதிரி வரிசையாக. சில நிமிடங்களுக்கு ஒரு முறை எல்லாப் பட்டைகளும் சேர்ந்து கொஞ்சம் நகரும். இது எஸ்எம்பிஎஸ் (நொடிக்குப் பல ஆயிரம் முறை ஆன்-ஆஃப் ஆகும் பவர் சப்ளை) சுற்றுகளின் கையெழுத்து. வானத்திலிருந்து வரும் எதுவும் இப்படிக் கோடு போட்டுக்கொண்டு வராது.

இன்வர்ட்டருக்கு வைத்திருந்த 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி ரிக்குக்குக் கொடுத்தோம். கேட்பதற்கு மட்டுமென்றால் ஐசி-7300 ஒரு ஆம்பியரைச் சுற்றித்தான் இழுக்கும், பேட்டரி தாராளமாகத் தாங்கும். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தோம். எஸ் மீட்டர் எட்டிலிருந்து நாலுக்கு இறங்கியது. திரையில் சீப்பு காணாமல் போய், அதுவரை மூடிக்கிடந்த பேச்சுக் குரல்கள் மூன்று நான்கு இடங்களில் எழுந்து நின்றன. நண்பரின் மனைவி உள்ளேயிருந்து, "கரண்ட் போயிடுச்சா?" என்றார். "இல்லம்மா, நாங்கதான்," என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு எம்சிபியாகத் திரும்பப் போட ஆரம்பித்தோம். நான் பலகையருகில், அவர் திரையருகில்.

குற்றவாளிகள் மூன்று பேர். ஹாலில் புதிதாக மாட்டிய பிஎல்டிசி ஃபேன். கரண்ட் பில்லைக் குறைக்கிறது என்று வாங்கியது. சமையலறை எல்இடி ட்யூப்பின் டிரைவர். செட்டாப் பாக்ஸின் அடாப்டர். டிவி அணைந்திருந்தாலும் இது ஓயாது. இவற்றில் ஃபேன்தான் பெரியவர். ஃபேனைக் கழற்றச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, வெயில் காலம். அதன் மின்கம்பியைக் கூரைக் கிண்ணத்துக்குள்ளேயே 31 ரக ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள்) வளையத்தில் பல சுற்று சுற்றிவிட்டோம். பட்டை பாதிக்குமேல் அடங்கியது. ட்யூப்பை வேறு தயாரிப்புக்கு மாற்றினார். அடாப்டருக்குத் தனி சுவிட்ச்.

இதில் நான்காவது ஆளாக அவரே ஒன்றை வாங்கி வைத்திருந்தார். புது ரிக்குக்கு 13.8 வோல்ட் வேண்டும், அனுப்பும்போது 21 ஆம்பியர் வரை. அதற்காக மலிவான எஸ்எம்பிஎஸ் ஒன்று. அது சரியாக நெட் நடக்கும் இடத்தில் தன் சொந்தப் பட்டையைப் போட்டது. போதாததற்கு, ரிக்கோடு வந்த பவர் ஒயர் எட்டவில்லை என்று வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மி.மீ. ஒயரால் மூன்று மீட்டர் நீட்டியிருந்தார். போக வர ஆறு மீட்டர். 21 ஆம்பியரில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் ஒயரிலேயே போய்விடும். ரிக்கின் மீட்டரில் விடி என்ற பகுதியைத் திறந்தால், பேசும்போதெல்லாம் வோல்டேஜ் தொபுக்கென்று விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது நம் ஹாம்களிடம் பரவலாக இருக்கும் குணம். கடைசியில் ரிச்சி தெருவில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, பழைய பாணி லீனியர் சப்ளை ஒன்றை அவரே கட்டினார். அது மட்டும் ரிக்கைவிட மூன்று மடங்கு எடை. இரைச்சல் துளிகூட இல்லை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது

வீடு அமைதியானதும் ஆண்டெனா சுவிட்ச் ஒன்றைப் போட்டு இரண்டு ரிக்கையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். இதை இருட்டிய பிறகு, நாற்பது மீட்டரில் செய்தோம். எனக்கு இந்தச் சோதனையில்தான் அதிக ஆர்வம்.

பலவீனமான சிக்னலைக் கேட்பதில் வித்தியாசம் இல்லை. புது ரிக்கில் கேட்டது பழையதிலும் கேட்டது. இது ஆச்சரியமே இல்லை: ஏழு மெகாஹெர்ட்ஸில் வானத்து இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு. அதற்கு மேல் ரிசீவரைக் கூர்மையாக்கிப் பயனில்லை. சொல்லப்போனால், இரவில் புது ரிக்கில் சிக்னலை முன்கூட்டியே பெருக்கும் பிரீஆம்பைப் போட்டால் திரையில் ஓவிஎஃப் என்ற எழுத்து மின்னியது, 7.2-க்கு மேலே இருக்கும் ஒலிபரப்பு நிலையங்களின் பலத்தில் உள்ளே இருக்கும் எண்மாற்றி திணறுகிறது என்று அர்த்தம். பிரீஆம்பை அணைத்து, ரிசீவரின் உணர்திறனை மாற்றும் ஆர்எஃப் கெயினைக் கொஞ்சம் குறைத்தால் போய்விடும். இந்த பேண்டில் இரவில் பிரீஆம்புக்கு வேலையே இல்லை.

வித்தியாசம் தெரிந்த இடம், பக்கத்தில் பலமான ஸ்டேஷன் வந்தபோது. பழையதில் 2.4 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஃபில்ட்டர் ஒன்றுதான், மேலும் குறுக்க வழியில்லை. புதியதில் இரண்டு பக்கமும் தனித்தனியாக நெருக்கலாம். யாரோ ட்யூன் செய்யும் விசிலை நாட்ச் என்ற வசதி ஒரே அழுத்தில் விழுங்கிவிடுகிறது. இரைச்சல் குறைப்பானை அளவாக வைத்தால் ஒரு மணி நேர நெட்டுக்குப் பிறகும் தலைவலி இல்லை. அளவு மீறினால் எல்லோரும் தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போலாகிவிடும். நண்பரின் வாக்கு குரல் இனிமையில் இன்னும் பழைய ரிக்குக்கே. எனக்கும் அப்படித்தான் பட்டது.

பேசும் பக்கம் ஒரு சின்னத் தடங்கல் வந்தது. தன் எம்சி-50 மேசை மைக்கைத்தான் பிடித்துப் பேசுவேன் என்றார். கென்வுட்டின் நாலு முள் பிளக்கை ஐகாமின் எட்டு முள்ளுக்கு மாற்றினால் மட்டும் போதாது. ஐகாமின் மைக் முள்ளில் எலக்ட்ரெட் மைக்குக்காக டிசி வருகிறது. எம்சி-50 போன்ற டைனமிக் மைக்குக்கு அது ஆகாது. நடுவில் ஒரு கெப்பாசிட்டரைத் தொடராகப் போட்டு டிசியைத் தடுத்தால் சரி.

மெனுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய ரிக்கில் ஒரு குமிழுக்கு ஒரு வேலை. இதில் ஒரே குமிழ் பத்து வேலை செய்கிறது, திரையோ உள்ளங்கையில் பாதி. சரியாக வந்த அமைப்புகளை எஸ்டி கார்டில் சேமித்து வைத்தோம். எங்காவது தொட்டுக் குழப்பிவிட்டால் திரும்ப ஏற்றிக்கொள்வார். அடிக்கடி ஏற்றுகிறார்.

எஃப்டி8 மட்டும் சுலபமாக முடிந்தது. யுஎஸ்பி ஒயர், யுஎஸ்பி-டி என்ற டிஜிட்டல் மோடு (இந்த யுஎஸ்பி, அப்பர் சைடுபேண்டு), பவரை முப்பது வாட்டுக்குக் குறைத்து, ஆடியோ மிகுவதைக் காட்டும் ஏஎல்சி முள் அசையாத அளவுக்கு ஆடியோவை இறக்கி, மடிக்கணினியின் கடிகாரத்தை இணையத்தோடு ஒத்துவைத்ததும் ஓடியது. ஏழு மெகாஹெர்ட்ஸ் டைபோல் மூன்று மடங்கான இருபத்தொன்றிலும் ஓரளவு ஒத்துவரும் என்பதால் 21.074-லும் இறங்கினார். அங்கே அனுப்பும்போதெல்லாம் மவுஸ் உறைந்துபோனது. கேபிளின் வெளிப்புறத்தில் ஆர்எஃப் (வானொலி அலைவரிசை மின்னோட்டம்) வீட்டுக்குள் திரும்பி வருகிறது. ஆண்டெனாவின் மையத்தில், கோஆக்ஸையே 31 ரக வளையத்தில் சுற்றி அதைத் தடுக்கும் ஒரு சோக் போட்டதும் நின்றது. வால்வு ரிக் காலத்தில் உறைந்துபோக மேசையில் எதுவும் இல்லை.

ஆசைப்பட்ட 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள்? ரிக்கில் இருக்கின்றன. கம்பியில் இல்லை. இந்த ஆண்டெனாவில் அங்கெல்லாம் எஸ்டபிள்யூஆர் உள் ட்யூனரின் எல்லைக்கு மிக மேலே. அவற்றுக்குத் தனிக் கம்பி கட்டும்வரை திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

என் கணக்கு

இந்த வீட்டில் கிடைத்த பலனில் பெரும்பகுதி எஸ் எட்டு நாலாக இறங்கியதில் வந்தது. அதைப் பழைய ரிக்கை வைத்துக்கொண்டே, பாக்கெட் ரேடியோ ஒன்றும் எம்சிபி பலகையும் இருந்தால் செய்திருக்கலாம். ஆனால் செய்திருக்க மாட்டார்; திரையில் சீப்பைப் பார்த்த பிறகுதான் நம்பினார். ஆக, புது ரிக்குக்கு அவர் கொடுத்த பணத்தில் பாதியாவது அந்தத் திரைக்குத்தான் என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

மாற்ற நினைப்பவர்கள் ரிக்குக்கு முன்பே ஒரு நானோவிஎன்ஏ வாங்கிவிடுங்கள், குறிப்பாக வால்வு ரிக்கிலிருந்து வருகிறவர்கள். லோட் குமிழ் இத்தனை நாள் எதை மறைத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்துவிடும். பவர் சப்ளை, தடித்த ஒயர், ஃபெரைட் மூன்றுக்கும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமம் வைத்திருக்கும் இளைஞர்கள் ஹெச்எஃப்-ல் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) ஐம்பது வாட்டுக்கு மேல் போகக் கூடாது, ஆகவே நூறு வாட் ரிக்கை வாங்கினாலும் மெனுவில் பாதியாகக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

டிஎஸ்-520எஸ்-ஐ நண்பர் விற்கவில்லை. நானும் விற்கச் சொல்லவில்லை. விலை போவது ஒன்றும் பெரிதில்லை, மாற்று ரிக்காக மேசைக்கடியில் இருக்கட்டும். மாதம் ஒரு முறையாவது ஓடவிடச் சொன்னேன். நீண்ட நாள் சும்மா கிடந்தால் அதன் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் பலம் இழக்கும், அப்போது திடீரென்று முழு வோல்டேஜ் கொடுக்காமல் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். மூடியைத் திறக்கும் இளைஞர்களுக்கு இன்னொன்று: பிளேட்டில் ஓடுவது எண்ணூறு வோல்ட் அளவு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

இப்போது அவர் பவரைப் பெருக்கும் லீனியர் ஆம்பிளிஃபையர் ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறார். வெளிநாட்டு ஸ்டேஷன்கள் சரியாகக் கிடைப்பதில்லையாம். கம்பத்தின் உச்சி ஒன்பது மீட்டர். நாற்பது மீட்டர் பேண்டுக்கு அது கால் அலைநீளத்துக்கும் குறைவு, சிக்னல் பெரும்பாலும் செங்குத்தாக மேலே போய் மதுரையிலும் கோவையிலும் விழும். காலை நெட்டுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, தூரத்துக்கு ஆகாது. அதே கம்பத்தில் 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் கட்டினால் மொத்தம் பத்து மீட்டர் கம்பிதான், அந்த உயரம் அதற்கு ஏறக்குறைய அரை அலைநீளம். கம்பி வாங்கி வைத்திருக்கிறார். தென்னை மரம் ஏற ஆள் சொல்லியிருக்கிறது.